மாற்றிப் பொருத்திய திசுவில் தொடுவுணர்வை மீட்பது எப்படி?

விபத்திலோ புற்றுநோய் அறுவையிலோ இழந்த பகுதியை, உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த திசு மடலைக் கொண்டு மூடும்போது, ரத்த ஓட்டம் அறுவை மேசையிலேயே திரும்பிவிடுகிறது. தொடுவுணர்வு அப்படித் திரும்புவதில்லை. அதை மீட்பதில் நரம்பை இணைக்கும் மருத்துவரின் பங்கு பாதி என்றால், இணைந்த பிறகு மூளையைப் பழக்கும் நோயாளியின் பங்கு மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றிப் பலருக்கு யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மடலின் உணர்வு நரம்பும் இணைக்கப்படுமா என்பதுதான். நாக்கைச் சீரமைக்க முன்கைத் தோலை எடுக்கும்போது அதன் தோல் நரம்பை நாக்கு நரம்போடு இணைக்கலாம். மார்பகத்துக்காக அடிவயிற்றுத் திசுவை எடுக்கும்போது அதனோடு வரும் விலா இடை நரம்பை மார்பில் உள்ள விலா இடை நரம்போடு சேர்க்கலாம். நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால், நரம்பு இழுபடாத வகையில் இந்தத் தையல் போடப்படுகிறது. நரம்பை இணைக்காவிட்டாலும் ஓரங்களிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் ஓரளவு உணர்வு தானாகவே ஊடுருவும் என்பது உண்மை. ஆனால் அதன் அளவும் தரமும் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். முதுகிலோ தொடையிலோ அது போதும். கட்டைவிரல் நுனி, குதிகால், நாக்கு ஆகிய இடங்களில் போதாது என்பதால், அங்கே இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

இணைத்த நரம்பு உடனே வேலை செய்யாது. வெட்டுக்கு அப்பால் உள்ள பழைய நரம்பிழைகள் அழிந்துபோக, எஞ்சியிருக்கும் வெற்று உறைக்குள் புதிய இழைகள் சில வாரத் தாமதத்துக்குப் பின் நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில் வளர்கின்றன. தையலிலிருந்து விரல் நுனி 10 செ.மீ. தொலைவில் இருந்தால், நான்கு மாதங்களுக்கு முன் அங்கே உணர்வை எதிர்பார்க்க இயலாது. இடையில் வளர்ச்சி நடக்கிறதா என்று அறிய, நரம்பின் பாதையில் விரலால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பார்கள். தட்டிய இடத்தில் மின்சாரம் பாய்வதுபோல் சுள்ளென்று தெறிக்கும் புள்ளி மாதந்தோறும் முன்னேறினால் நரம்பு வளர்கிறது என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல் 1915-இல் விவரித்த அடையாளம் இது.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் மடலைக் காப்பது கண்களின் பொறுப்பு. வெந்நீரின் சூட்டை உணர்வுள்ள மற்றக் கையால் பார்த்த பிறகே உடலில் ஊற்ற வேண்டும். சீரமைத்த மார்பகத்தின் மீதோ வயிற்றின் மீதோ வெந்நீர்ப் பையை வைக்கவே கூடாது. சாதாரணத் தோல் தாங்கும் சூடுகூட அங்கே கொப்புளமாகிவிடும், அதுவும் வலிக்காமலேயே. பாதத்தில் மடல் வைத்தவர்கள் காலணியைப் போடுமுன் உதறிப் பார்ப்பதையும், கழற்றியதும் சிவந்த தடம் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பதையும் அன்றாட வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

உணர்வு பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் திரும்புகிறது: வலியும் சூடு குளிர்ச்சியும் முதலில், பிறகு 30 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் (தட்டினால் அதிரும் உலோகக் கவை) மெதுவான அதிர்வும் தோலின் மேல் நகரும் தொடுகையும், அதன் பின் ஒரே இடத்தில் நிற்கும் தொடுகை, கடைசியாக 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் வேகமான அதிர்வு. நகரும் தொடுகை தெரியத் தொடங்கியதும், சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டு பயிற்சியை ஆரம்பிக்கலாம். அமைதியான அறையில் உட்கார்ந்து, பென்சிலின் அழிப்பான் முனையால் மடலின் மீது மெல்லக் கோடு இழுங்கள். முதலில் கண்ணால் பார்த்தபடி, அடுத்துக் கண்ணை மூடி, மறுபடியும் பார்த்தபடி. ஒவ்வொரு முறையும் தொடுகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை போதுமானது. நீண்ட நேரம் செய்தால் கவனம் சிதறிப் பயன் குறைகிறது. நிற்கும் தொடுகையும் தெரிந்த பிறகு, கையில் மடல் உள்ளவர்கள் நாணயம், சாவி, திருகாணி போன்றவற்றைக் கண்ணை மூடித் தடவி அடையாளம் காணலாம். தவறாகச் சொன்னதைக் கண் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்வதில்தான் பாடம் இருக்கிறது.

இவ்வளவு மெனக்கெட வேண்டிய காரணத்தை ஒரு பழைய அறுவை முறை நன்றாகக் காட்டுகிறது. மோதிர விரலின் பக்கவாட்டுத் தோலை, நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடாமல், கட்டைவிரல் நுனிக்கு நகர்த்தும்போது, கட்டைவிரலைத் தொட்டால் மோதிர விரலைத் தொட்டதாகவே நோயாளி உணர்கிறார். நரம்பு முழுமையாக வேலை செய்கிறது, மூளையின் வரைபடம்தான் பழையது. பயிற்சியால் சிலருக்கு இது மாறுகிறது, சிலருக்குப் பல ஆண்டுகள் ஆனபின்னும் மாறுவதில்லை.

சிலருக்கு மரத்துப்போவதற்கு நேர்மாறாக, ஆடை உரசினாலே கூசும். அவர்கள் பஞ்சில் தொடங்கி, மென்துணி, துவாலை, முரட்டுத் துணி என்று பொறுக்கும் அளவுக்கேற்ப மெதுவாக ஏற வேண்டும். ஆனால் ஒரே புள்ளியில், தொட்டதும் எரிந்து தெறிக்கும் வலி நகராமல் நின்றுவிட்டால், அது நரம்பு முனையில் உருவான முடிச்சாக இருக்கலாம். தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முன்னேற்றத்தை நினைவை நம்பி மதிப்பிடாதீர்கள். மடலின் உருவத்தைத் தாளில் வரைந்து, உணர்வுள்ள பகுதியை மாதம் ஒருமுறை வண்ணமிட்டு, தேதி குறித்து வையுங்கள். மருத்துவமனையில் வெவ்வேறு தடிமனுள்ள நைலான் இழைகளால் அளப்பார்கள். உள்ளங்காலில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை தெரிந்தால், காயத்தைத் தவிர்க்கப் போதுமான பாதுகாப்பு உணர்வு இருப்பதாகக் கொள்வது வழக்கம். விரல் நுனியில் இரண்டு முனைகளைத் தனித்தனியாக அறியும் இடைவெளியைப் பார்ப்பார்கள். இயல்பான விரல் 6 மி.மீ.க்கும் குறைவான இடைவெளியையே பிரித்தறியும். மாற்றிய திசு அந்த எல்லையை எட்டுவது அரிது.

வயது, நீரிழிவு, புகைப்பழக்கம், கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவை வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் என்றாலும், இரண்டு ஆண்டுகள்வரை மெல்ல மெல்ல மாற்றம் தெரியலாம். தட்டும்போது தெறிக்கும் புள்ளி பல மாதங்களாக ஒரே இடத்தில் நின்றால், அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். நரம்பில்லாமல் நெடுங்காலம் கிடந்த தசை மீள்வது கடினம். தோல் அதைவிட நீண்ட காலம் காத்திருக்கும் என்பதால், தையலைத் திறந்து நரம்பை மறுபடி இணைப்பதோ இடையில் வேறிடத்து நரம்புத் துண்டை ஒட்டாக வைப்பதோ அப்போதும் பயன்தரலாம்.