பிள்ளை சொன்னதை டீ குடிக்கும்போது சொல்லிடாதீங்க

இந்த வருஷமும் பி.எட். பிள்ளைங்க டீச்சிங் பிராக்டிஸுக்கு எங்க ஸ்கூலுக்கு வந்திருக்காங்க. காரைக்குடி பக்கம்தான், ஊர் பேர் வேணாம். நல்ல பிள்ளைங்க, சார்ட் எல்லாம் அவ்ளோ அழகா பண்றாங்க, ஆனா நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அடிச்ச அதே கூத்தை வரிசை மாறாம அடிக்கிறதைப் பாத்தா சிரிப்பும் வருது எரிச்சலும் வருது, அதான் உக்காந்து எழுதுறேன். அடிக்காதீங்க, பட்டப்பேர் வைக்காதீங்கன்னெல்லாம் ஆரம்பிக்கப் போறதில்ல. உடம்பையும் நோகடிக்கக் கூடாது மனசையும் நோகடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவுலயே இருக்கு. நான் சொல்ல வந்தது நல்ல மனசோட நாம பண்ற தப்புங்க.

"நாளைக்கு அப்பாவ கூட்டிட்டு வா"

எங்க பக்கம் நிறைய பிள்ளைங்களுக்கு அப்பா சிங்கப்பூர்ல, மலேசியாவுல, இல்ல துபாய்ல. ரேங்க் கார்டுல கையெழுத்து போடுறதே அப்பத்தாதான். "வீட்லேர்ந்து யாரு வருவாங்க?"ன்னு கேளுங்க, போதும்.

வாரத்துல ஒரு பீரியட் மட்டும் அன்பா இருக்கிறது

புதன்கிழமை கடைசி பீரியட் "மனசு விட்டுப் பேசுவோம்"னு வட்டமா உக்கார வைக்கிறது, வியாழக்கிழமை காலையில "உனக்கெல்லாம் எதுக்கு படிப்பு"ங்கிறது. பிள்ளைங்க என்ன மடையனுங்களா? அமெரிக்காவுல டர்லாக்னு ஒரு ஆய்வாளர், அவரும் கூட இருந்தவங்களும் 2011-ல ஒரு வேலை பண்ணாங்க. மனசையும் பழகுறதையும் சொல்லித்தர்ற ஸ்கூல் திட்டங்கள் 213-ஐ எடுத்து, 2,70,000-க்கு மேல பிள்ளைங்களோட கணக்கை ஒண்ணா வச்சுப் பாத்தாங்க. படிப்புல 11 பர்சன்டைல் ஏத்தம். டிரெய்னிங்ல இத 11 மார்க்னு சொல்லிட்டுப் போறவங்க உண்டு, அது மார்க் இல்ல, நூறு பேரை வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கிற பிள்ளை பதினோரு பேரைத் தாண்டி முன்னாடி போகுதுன்னு அர்த்தம். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. வெளியாள் வந்து நடத்திட்டுப் போனதுல படிப்பு பெருசா ஏறல, அந்த ஸ்கூல் ஆளுங்களே நடத்தினதுலதான் ஏறுச்சு. தினமும் பாக்குற மூஞ்சிதானே.

பிள்ளை சொன்னதை ஸ்டாஃப் ரூம்ல சொல்றது

இதுதான். இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் என் மேலயே கடுப்பு வரும்.

அப்ப நான் ஏழாங்கிளாஸுக்கு கணக்கு எடுத்தேன். ஒரு பையன், பின்னம்னாலே ஓடுவான். அவனுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு, புரியாத இடத்துல கையெல்லாம் தூக்க வேணாம், நோட்டு ஓரத்துல பென்சில்ல சின்னதா ஒரு கேள்விக்குறி போட்டு வை, நான் திருத்தும்போது பாத்துக்கிறேன்னு. முதல்ல ஒண்ணு ரெண்டு போட்டான், அப்புறம் பக்கத்துக்கு அஞ்சாறு. 3/4-ஐயும் 2/3-ஐயும் கூட்டும்போது 12 எங்கேர்ந்து வந்துச்சு, அங்க ஒண்ணு. 2/3 எப்படி 8/12 ஆச்சு, அங்க ஒண்ணு. அவன் எங்க மாட்டிக்கிறான்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சது.

ஒருநாள் நோட்டு வாங்க வந்தவன் வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டே சொன்னான், அப்பா மலேசியாவுலேர்ந்து போன் பண்றதே இல்ல டீச்சர், பணமும் வரல, அம்மா புதுவயல் ரைஸ் மில்லுல களத்து வேலைக்குப் போகுது, விடியிறதுக்கு முந்தியே கிளம்பிரும்னு. அழல. செருப்பு நுனியால மண்ணைக் கீறிக்கிட்டே சொன்னான்.

நான் என்ன பண்ணேன்? இன்டர்வெல்ல டீ கிளாஸை கையில வச்சுக்கிட்டு "பாவம்ப்பா அந்தப் பையன்"னு ஆரம்பிச்சு அத்தனையும் கொட்டிட்டேன். புரணி பேசணும்னு இல்ல, சத்தியமா பாவப்பட்டுத்தான் சொன்னேன். நாலு நாள் கழிச்சு இன்னொரு டீச்சர், அவங்களும் நல்லவங்கதான், கிளாஸ் முழுக்க இருக்கும்போது "உங்க அப்பாதான் பணம் அனுப்பலையாமே, ஷூ நாங்க வாங்கித் தர்றோம்டா"ன்னுட்டாங்க. நான் வராண்டாவுல போய்க்கிட்டிருந்தேன். அவன் அந்த டீச்சரைப் பாக்கல, ஜன்னல் வழியா என்னைப் பாத்தான்.

அதுக்கப்புறம் நோட்டு சுத்தமா வந்துச்சு. கணக்கெல்லாம் சரியா இருக்கும், பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினது, ஓரத்துல ஒரு கேள்விக்குறி கிடையாது. "எப்படிடா இருக்க"ன்னா "நல்லா இருக்கேன் டீச்சர்". பரீட்சையில பின்னக் கணக்கு அத்தனையையும் விட்டுட்டான்.

இத ஏதோ ரோஷம்னு நெனச்சுடாதீங்க. "எனக்குத் தெரியல"ன்னு ஒருத்தர்கிட்ட காட்டுறதுக்கே நம்பிக்கை வேணும், அது போச்சுன்னா சந்தேகம் கேக்குறது போச்சு, சந்தேகம் போச்சுன்னா படிப்பு எங்கேர்ந்து வரும்? இன்னொண்ணும் இருக்கு. அந்த 3/4, 2/3 கணக்கைப் போட (9/12-ம் 8/12-ம்) 12, 9, 8 மூணையும் ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வைக்கணும், அந்த இடம் எல்லாருக்குமே சின்னது. கிளாஸ்ல யாரு நம்மளைப் பத்தி என்ன பேசுறாங்கங்கிற கவலை வந்து அங்க உக்காந்துட்டா 8 கீழ விழுந்துரும். நாம "கவனமே இல்ல"ன்னு ரிமார்க் எழுதுவோம்.

ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லணுமா, சொல்லுங்க, ஆனா பிள்ளைகிட்ட "இத அவர்கிட்ட சொல்லப்போறேன், இதுக்காக"ன்னு சொல்லிட்டுப் போங்க. உதவி பண்ணணுமா, தனியா கூப்பிட்டுப் பண்ணுங்க.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்றது

மேல சொன்னதுக்கு நேர் எதிர் தப்பு. பிள்ளை சொல்றது பாலியல் தொந்தரவா இருந்தா 2012 போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி நீங்க போலீஸுக்கு சொல்லியே ஆகணும், மறைச்சா உங்க மேலயே கேஸ் வரும். அதனால முதல்லயே "உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன்"னு சொல்லி வைங்க. பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098-ஐ அவங்களுக்கே மனப்பாடம் ஆக்கிவிடுங்க.

சத்தம் போடாத பிள்ளைக்கு குறை இல்லைன்னு நெனக்கிறது

இருக்கும்.

மார்க்கை சத்தமா வாசிக்கிறது

வேணாம்.

வாய் தவறி வெளிய போயிட்டா மழுப்புறது

போன வாரம் நம்ம டிரெய்னி ஒருத்தி இதே வேலையைப் பண்ணிட்டா, எட்டாங்கிளாஸ் பொண்ணு சொன்னதை லஞ்ச்ல எடுத்து விட்டா, நான் டிபன் பாக்ஸை மூடிட்டு வெளிய கூட்டிட்டுப் போனேன். இப்ப என்ன பண்றது அக்கான்னு முழிச்சா. அந்தப் பொண்ணுகிட்ட போயி யார் யார்கிட்ட சொன்னேன்னு பேரோட சொல்லு, தப்புதான்னு சொல்லு, காரணம் எதுவும் சொல்லாதேன்னேன். நான் அந்தப் பையன்கிட்ட கடைசி வரைக்கும் பண்ணாத வேலை. மறுநாள் போய் சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நாளைக்கு டெஸ்ட் இருக்கா மிஸ்?"னு மட்டும் கேட்டுச்சாம்.