இன்று வாங்கிய கறி இன்றைக்கு ஸ்டேக் ஆகாது

கனமாக வெட்டிய மாட்டுக்கறித் துண்டைச் சூடான கல்லில் முறுகச் சுட்டெடுப்பதுதான் ஸ்டேக். குழம்புக்கும் சுக்காவுக்கும் பழகிய கை அதைச் செய்ய இறங்கினால் முதல் சறுக்கல் கறிக்கடையிலேயே நடந்துவிடும். விடியற்காலை அறுத்து, ஏழு மணிக்குள் வாங்கி, மதியச் சாப்பாட்டுக்குக் குக்கரில் ஏற்றுவதுதான் நம் பக்கத்து வழக்கம். எவ்வளவு முரட்டுக் கறியையும் குக்கர் ஆறு விசிலில் மன்னித்துவிடும். தோசைக்கல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அதற்குள் எந்த நாரும் இளகாது. கறி கல்லுக்கு வரும்போதே இளகித்தான் வர வேண்டும்.

அறுத்த மாட்டின் தசை சில மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் விறைப்பின் உச்சத்துக்குப் போகும். அதன்பிறகு கறிக்குள் இருக்கும் நொதிகளே நாரை மெல்ல அறுத்துத் தளர்த்தும். வெளிநாட்டுக் கறிக்கடைகள் குளிர் அறையில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தொங்கவிடுவது இதற்காகத்தான். வீட்டு ஃபிரிட்ஜில் அத்தனை நாள் வைப்பது ஆபத்து. இரண்டு நாள் போதும், மூன்று நாள் எல்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்கினால் செவ்வாய் இரவு சமைக்கலாம். செவ்வாயன்று கவிச்சி தொடாத வீடு என்றால் புதன்.

வாங்கி வந்த கையோடு ஃப்ரீசரில் போட்டுவிடாதீர்கள். விறைப்பு வந்து அடங்கும் முன்பே கறி 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நார் சுருங்கி இறுகிவிடும். பிறகு எதில் ஊறப்போட்டாலும் அந்த இறுக்கம் லேசில் விடாது. அதனால் ஒரு கிலோ என்றாலும் ஒரே உருப்படியாக வாங்கி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பெரிய கட்டி மெதுவாகக் குளிரும். கீழ்த்தட்டு என்பதற்கு இன்னொரு காரணம், கறியிலிருந்து வடியும் நீர் தயிர்ச் சட்டியில் சொட்டக் கூடாது.

கேட்டு வாங்க வேண்டியது அண்டர்கட். முதுகெலும்புக்கு உள்பக்கம் நீளமாகக் கிடக்கும் தசை அது. நடக்கவோ நுகம் இழுக்கவோ அதற்கு வேலையில்லாததால் நார் மென்மையாக இருக்கும். ஒரு மாட்டில் இரண்டே இரண்டு, அதனால் மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வாங்குகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது. அடுத்தபடி முதுகுக்கறி. தொடைக்கறி மூன்றாவது, அதற்குத் தனி வைத்தியம் உண்டு, பின்னால் வருகிறது. முன்னங்காலும் கழுத்தும் ஸ்டேக்குக்கு ஆகவே ஆகாது, சுக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் கை பழக்கத்தில் குழம்புத் துண்டாக வெட்ட ஆரம்பித்துவிடும். "துண்டு போட்டுறாதிய, முழுசா தாங்க" என்று கத்தி இறங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

எருமையா மாடா என்பதைக் கொழுப்பில் பார்க்கலாம். எருமைக் கொழுப்பு பால் வெள்ளை, கறி கருஞ்சிவப்பு. மாட்டுக் கொழுப்பில் மஞ்சள் ஓடும். இரண்டும் ஸ்டேக்குக்கு ஆகும். எருமைக் கறியில் உள்கொழுப்பு குறைவு, அரை நிமிடம் கூடினாலும் வறண்டுவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள்தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசும் பழக்கத்தை ஸ்டேக் கறியிடம் காட்டக் கூடாது. தண்ணீர் குடித்த மேற்பரப்பு கல்லில் பட்டால் முறுகாது, அவியும். கழுவும் தண்ணீர் தெறித்துக் கிருமி தொட்டியெங்கும் பரவுவது தனி. மனசு கேட்கவில்லை என்றால், வாங்கி வந்த உடனே முழுக்கட்டியாக ஒருமுறை கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து உள்ளே வையுங்கள். துண்டு போட்ட பிறகு தண்ணீர் காட்ட வேண்டாம்.

உப்பும் ஊறலும்

சமைப்பதற்கு முந்தின இரவு கறியை வெளியே எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை நுனிக்கத்தியால் உரித்துவிட்டு, நாருக்குக் குறுக்கே இரண்டு விரற்கடை கனத்தில், அதாவது ஏறக்குறைய 3 செ.மீ., வெட்டுங்கள். சவ்வை விட்டால் சூட்டில் அது சுருங்கித் துண்டைக் கிண்ணம்போல் வளைத்துவிடும், நடுப்பகுதி கல்லில் படவே படாது. கனம் 2 செ.மீ.க்குக் குறைந்தால் வெளியே நிறம் வருவதற்குள் உள்ளே காய்ந்துவிடும்.

அரைக் கிலோவுக்கு 6 கிராம் தூள் உப்பு, தலைதட்டி ஒரு டீஸ்பூன். தூத்துக்குடிக் கல்லுப்புதான் வீட்டில் இருக்கிறது என்றால் பொடித்துவிட்டு அளங்கள். பரல் பெரிதாக இருக்கும்போது ஸ்பூன் அளவு ஏமாற்றும். உப்பை எல்லாப் பக்கமும் தூவி, ஓட்டையுள்ள தட்டில் பரப்பி, அடியில் ஒரு தட்டு வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். புட்டுத் தட்டு இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும்.

உப்புத் தூவிய பத்தாவது நிமிடம் உற்றுப் பார்த்தால் கறியின் மேல் வியர்வை முத்து முத்தாகப் பூத்திருக்கும். ஏறக்குறைய நாற்பது நிமிடம் வரை இந்த நீர் வெளியே நிற்கும். பிறகு உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல உள்ளே திரும்பும். இடைப்பட்ட அந்த அரைமணி நேரத்தில் கல்லில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவசரம் என்றால் உப்புப் போட்ட கணமே கல்லில் போடுங்கள், இல்லையேல் ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். ஓர் இரவு இருந்தால் உப்பு உள்ளே இறங்கும், மேல்பரப்பும் உலர்ந்து காகிதம்போல் ஆகும். நமக்கு வேண்டியது அந்த உலர்ந்த தோல்தான்.

மசாலா ஊறல் என்றதும் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சின்ன வெங்காய விழுது எல்லாவற்றையும் அப்பத் தோன்றும். அப்பினால் 220 டிகிரிக் கல்லில் கறிக்கு முன்னால் அவை கருகிக் கசக்கும். உப்பைத் தவிர மற்ற எதுவும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை. எவ்வளவு அரைத்தாலும் அது மேல்பூச்சுதான். அண்டர்கட்டுக்கு இவ்வளவு போதும்: நசுக்கிய பூண்டு நாலு பல், ஒன்றிரண்டாக இடித்த பெருஞ்சீரகம் அரை டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். சமைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தடவி ஃபிரிட்ஜிலேயே வைத்து, கல்லில் போடுமுன் பூண்டையும் பெருஞ்சீரகத்தையும் வழித்து எடுத்துவிடுங்கள், வாசம் எண்ணெயில் நிற்கும். மிளகு கடைசியில்தான். உடன்குடிக் கருப்பட்டியைப் பாகாக்கித் தடவ ஆசை இருந்தால் இறக்கும் முந்தின அரை நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊறலில் சேர்த்தால் அது தார்தான்.

தொடைக்கறிக்குப் பப்பாளிக்காய் வேண்டும். தோலோடு பால் வடிய அரைத்த விழுது, அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், முப்பது நிமிடம், அதற்கு மேல் கூடாது. பப்பாளியின் நொதி ஃபிரிட்ஜ் குளிரில் தூங்கும். கல்லில் சூடு 60, 70 டிகிரியைத் தொடும்போதுதான் வெறியோடு வேலை செய்யும். "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் மெத்தென்று வரும்" என்று கூட்டினால் மேலே களி, உள்ளே கயிறு. நேரம் இருப்பவர்களுக்குக் கெட்டித் தயிர் பத்திரமானது: இரண்டு டேபிள்ஸ்பூன், ஓர் இரவு முழுக்க வைத்தாலும் கெடுக்காது. எலுமிச்சைச் சாறு அரை மணி நேரத்தைத் தாண்டினால் மேல்பரப்பு வெந்ததுபோல் வெளுத்துத் திரிந்துவிடும். புளியங்குடிப் பழத்தைத் தட்டில் வைத்த பிறகு பிழிந்துகொள்வதே அதற்கு மரியாதை. பப்பாளி, தயிர் எதுவானாலும் சுத்தமாக வழித்து, துணியால் ஒற்றிய பிறகே கல்.

கல்லில் போடும்போது

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லே சரியான பாத்திரம், கனமாக இருக்க இருக்க நல்லது. மெல்லிய கல் கறி பட்டவுடன் சூடிழந்துவிடும். நான்-ஸ்டிக் வேண்டாம், காலிக் கல்லைப் பெரிய தீயில் காய்ச்சினால் 260 டிகிரியைத் தாண்டுவது எளிது, அந்தச் சூட்டில் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். தோசை வார்க்கும் கல்லையே எடுத்தால் மறுநாள் தோசையில் மாட்டுக்கொழுப்பு மணக்கும், வீட்டில் பேச்சும் வாங்க வேண்டிவரும். தனிக் கல் ஒன்று வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

எண்ணெய் விஷயத்தில் செக்கு எண்ணெய்ப் பெருமையை ஒருநாள் ஒதுக்கிவையுங்கள். செக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் 200 டிகிரிக்கு முன்பே புகைந்து கசக்கும். ரீஃபைன்ட் கடலை எண்ணெய் அல்லது நெய் தாங்கும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியின் மேல் தடவுங்கள், புகை பாதியாகக் குறையும்.

"சமைக்கும் முன் கறியை ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்" என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதியது அது. கத்திரி வெயிலில் நம் அடுக்களை 35 டிகிரியைத் தாண்டி நிற்கும்; இருபது நிமிடம் போதும்.

பெரிய பர்னரில் நடுத்தரத் தீயில் கல்லை ஆறேழு நிமிடம் காய விடுங்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று பரவி ஆவியானால் இன்னும் காயவில்லை. துளி உடையாமல் பாதரச உருண்டைபோல் கல் முழுக்க ஓடினால் சூடு தயார். ஜன்னலைத் திறந்துவிட்டு, கறியை உங்களுக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி மெல்லக் கிடத்துங்கள். ஒரு கல்லில் இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். காது கொடுத்துக் கேளுங்கள்: விடாத பெரிய இரைச்சலாக இருந்தால் சரி. இரைச்சல் தணிந்து 'சளசள'வென்று மாறினால் கறி நீர் விட்டு அவிகிறது என்று அர்த்தம். உடனே ஒரு துண்டை எடுத்துவிட்டு, கல்லைத் துடைத்து மறுபடி காயவிடுங்கள். நீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. முறுகலுக்கு 140க்கு மேல் வேண்டும்.

முதல் இரண்டு நிமிடம் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள், நிறம் வந்ததும் தானே விடும். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் திருப்புங்கள். அடிக்கடி திருப்பினால் சாறு போய்விடும் என்பது வெறும் பேச்சு, உண்மையில் இரண்டு பக்கமும் சீராக வேகும். முள்கரண்டியால் குத்துவதுதான் வேண்டாதது. நாலு நிமிடம் ஆனதும் தீயைக் குறையுங்கள். கொழுப்புள்ள ஓரத்தை இடுக்கியால் நிறுத்திப் பிடித்து ஒரு நிமிடம் உருக்குங்கள். தேடும் நிறம் கருப்பட்டி நிறம், கரி வேண்டாம்.

3 செ.மீ. துண்டுக்கு மொத்தம் ஒன்பது, பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் கடிகாரத்தை நம்பாமல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குத்துத் தெர்மாமீட்டரை நம்புங்கள். பக்கவாட்டிலிருந்து நடுவரை செலுத்தி, 60 டிகிரி காட்டியதும் இறக்குங்கள். இறக்கிய பிறகும் மூன்று, நாலு டிகிரி ஏறும். 63ஐத் தொட்டு மூன்று நிமிடம் நின்றால் போதும். தொடவில்லை என்றால் இன்னொரு நிமிடம் கல்லுக்கு அனுப்புங்கள். சமையல் வீடியோக்களில் வரும் 54 டிகிரி மீடியம் ரேர், அதாவது நடுவில் சிவப்பாகவே நிற்கும் அரைவேக்காடு, சூட்டிலும் ஈயிலும் தொங்கிய கறிக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் 70 வரை கொண்டுபோங்கள். வெட்டும்போது கசியும் சிவப்பு நீர் ரத்தமல்ல. கறிக்கு நிறம் தரும் மயோகுளோபின் கலந்த நீர் அது, முகம் சுளிக்க வேண்டியதில்லை.

தட்டையான கல்லில் வெண்ணெய் உருக்கி ஸ்பூனால் மேலே மேலே ஊற்ற முடியாது, வழிந்து அடுப்பில் விழுந்து தீப்பிடிக்கும். அதற்குப் பதில், சின்னத் தாளிப்புக் கரண்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் நெய், தட்டிய பூண்டு இரண்டு பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு டீஸ்பூன் கொரகொரப்பாக இடித்த மிளகு. பொரிந்து வாசம் வந்ததும் இறக்கிவைத்த கறியின்மேல் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். மூடினால் முறுகல் நமுத்துவிடும்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இளங்கிடா சாப்ஸை இதே உப்புக் கணக்கில், இதே கல்லில் செய்யலாம். 2 செ.மீ. கனத்துக்கு மொத்தம் ஐந்து, ஆறு நிமிடம், உள்சூடு அதே 63. முற்றிய ஆடு இதற்குச் சரிவராது.

கல் ஆறுவதற்குள் வெந்நீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துணியால் தடவிவிடுங்கள். புளியும் எலுமிச்சையும் காட்டினால் பழகிய கருமை கரைந்துபோகும்.

கறியைப் பரிமாறுமுன் நார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே அரை விரல் கனத்தில் அரியுங்கள், தொடைக்கறிக்கு இது கட்டாயம். தட்டில் தேங்கிய சாற்றைத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள். மிஞ்சியதை மறுநாள் சுடவைத்தால் தோலாகிவிடும். மெல்லிசாகக் கீறி, கொத்துப் பரோட்டா இறக்கும்போது கடைசியில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டுங்கள்.