பிரிண்டர் தாள் இழுக்காத மதியம்

கீழமாசி வீதியில் சித்தப்பாவின் மளிகைக் கடைக்குப் பிரிண்டர் வாங்கினோம். சோதனைப் பக்கம் அழகாக வந்தது. கால்க்கில் (லிப்ரே ஆஃபீஸின் விரிதாள் செயலி) போட்டிருந்த சரக்குப் பட்டியலை அனுப்பினால் மட்டும் விளக்கு மின்னிக்கொண்டே நின்றது. மை, கேபிள், டிரைவர் என்று ஒரு மதியம் முழுக்கப் பார்த்தேன்.

காரணம் தாள் அளவு! கோப்பில் இருந்தது லெட்டர், 216 × 279 மி.மீ.; தட்டில் வைத்ததோ ஏ4, 210 × 297. ஃபார்மேட் மெனுவில் பேஜ் ஸ்டைல் போய் ஏ4 ஆக்கியதும் தாளை இழுத்துக்கொண்டது.

ஆனால் விலை நெடுவரிசை இரண்டாம் தாளுக்கு ஓடியது. அதே பெட்டியில், ஷீட் பகுதியின் ஸ்கேலிங்கில் அகலத்துக்கு 1 பக்கம் கொடுத்து, உயரத்தைக் காலியாக விட்டேன். உயரத்துக்கும் 1 போட்டுவிடாதீர்கள், நீளமான பட்டியலில் எழுத்து எறும்பாகச் சுருங்கிவிடும். 60 தாண்டிய சித்தப்பா அதைப் படிக்க வேண்டுமே. அப்புறம், தலைப்பு வரிசை எல்லாத் தாளிலும் வர, ஃபார்மேட் மெனுவின் பிரிண்ட் ரேஞ்சில், திரும்பத் திரும்ப வர வேண்டிய வரிசையாக முதல் வரிசையைக் குறித்தேன்.