டோட்டா 2: டிராகன் நைட்டிலிருந்து இன்வோக்கருக்கு மாறுவது எப்படி

ஐவர் கொண்ட இரு அணிகள் மோதும் கணினி விளையாட்டான டோட்டா 2-இல் ஒவ்வொரு ஹீரோவும் (ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் பாத்திரம்) எவ்வளவு சிக்கலானவர் என்பதை ஒன்று முதல் மூன்று வரை விளையாட்டே குறித்துக் காட்டுகிறது. டிராகன் நைட்டுக்கு ஒன்று, இன்வோக்கருக்கு மூன்று. இருவரையும் மிட் லேனில் (மேப்பின் நடுப்பாதையில்) ஆடலாம், இருவரை வைத்தும் ஜெயிக்கலாம். அப்படியிருக்க மூன்றை எடுப்பதற்கு உறுதியான காரணம் வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்பது தொடங்குவதற்குப் போதும். வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்றால் அந்த ஆசை தாங்காது.

காரணத்தைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: நீங்கள் விரும்பும் அந்த ஒரு விஷயத்தை இதைவிட எளிய ஹீரோ செய்துவிடுகிறாரா? மேப்பின் எந்த மூலையில் இருந்தாலும் சன் ஸ்ட்ரைக் என்ற ஸ்பெல்லால் எதிரியைக் கொல்லலாம் என்பதுதான் இன்வோக்கரில் உங்களை இழுக்கிறது என்றால், ஜீயஸை எடுங்கள். அவருடைய அல்டிமேட் (ஹீரோவின் பெரிய ஸ்பெல்) ஒரே கீயில் எதிரணி ஹீரோக்கள் எல்லோரையும் மேப் முழுக்கத் தாக்கும், குறி பார்க்கவும் தேவையில்லை. மாறாக, ஒரே ஹீரோவை வைத்து ஒரு சண்டையில் எதிரியின் மேனாவை (ஸ்பெல் போடச் செலவாகும் சக்தி) காலி செய்யவும், அடுத்ததில் ஓடுபவனைப் பிடிக்கவும், அதற்கடுத்ததில் மறைந்து தப்பவும் வேண்டும் என்றால் இன்வோக்கரை விட்டால் வேறு வழி குறைவு. அந்தத் தேவைக்குத்தான் இந்த உழைப்பு தகும்.

எளிய ஹீரோவை எப்போது விடலாம்

கடினமான ஹீரோ முதலில் பறிப்பது உங்கள் கவனத்தை. எந்த கீ, எந்த வரிசை என்று விரல்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது கண் மினிமேப்பை விட்டு விலகிவிடும். புதிதாக இன்வோக்கர் ஆடுபவர்கள் பெரும்பாலும் ஸ்பெல்லைத் தப்பாகப் போட்டுச் சாவதில்லை. பக்கவாட்டிலிருந்து ஆள் வருவதைப் பார்க்காமல் சாகிறார்கள். ஆகவே மிட் லேனின் அடிப்படை வேலைகள் யோசிக்காமலே நடக்கும் நிலை முதலில் வரவேண்டும். அதைக் கற்றுக்கொள்ள டிராகன் நைட், வைப்பர், ஸ்னைப்பர் மூவரும் நல்ல இடம்.

அளந்து பார்க்க வழி உண்டு. 30 விநாடிக்கு ஒரு க்ரீப் (தானாக நடந்து வரும் சிறு படைவீரன்) அலை வருகிறது, தொடக்க அலைகளில் நான்கு க்ரீப்கள். 10 நிமிடத்தில் உங்கள் லேனுக்கு ஏறத்தாழ 80 க்ரீப் வந்து சேரும். எதிரி தொல்லை கொடுக்கும்போதும் அதில் பாதிக்கு மேல் லாஸ்ட் ஹிட் (பணம் தரும் கடைசி அடி) எடுக்கிறீர்களா? 6-ஆவது நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பவர் ரூனுக்கு (எடுப்பவருக்குச் சிறிது நேரம் கூடுதல் பலம் தருவது), யாரும் சொல்லாமலே சில விநாடி முன்னதாக நகர்கிறீர்களா? எதிரணி மிட் ஆள் காணாமல் போனால் உடனே டீமுக்குச் சொல்கிறீர்களா? இவற்றில் ஒன்று இடித்தாலும் இன்னும் சில வாரம் டிராகன் நைட்டிலேயே இருங்கள். இன்வோக்கர் எங்கும் போய்விட மாட்டார்.

உருண்டைகளின் கணக்கு

க்யூ, டபிள்யூ, ஈ ஆகிய மூன்று கீகளில் குவாஸ், வெக்ஸ், எக்ஸார்ட் என்ற மூன்று உருண்டைகள். கடைசியாக அழுத்திய மூன்று மட்டும் தலைக்கு மேல் சுற்றும். ஆர் (இன்வோக்) அழுத்தினால் அந்த மூன்றுக்குரிய ஸ்பெல் டி கீக்கு வரும், முன்பு டி-யில் இருந்தது எஃப்-க்குத் தள்ளப்படும். உருண்டைகளின் வரிசை முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். அதனால் மொத்தம் 10 ஸ்பெல். பழைய வார்கிராஃப்ட் 3 காலத்து டோட்டாவில் வந்த முதல் இன்வோக்கருக்கு வரிசையும் கணக்கில் வந்தது, 27 ஸ்பெல் இருந்தன. இன்று நம் வேலை எவ்வளவோ லேசு.

இந்தக் கணக்கிலேயே கற்கும் வழியும் இருக்கிறது. லெவல் ஏறும்போது கிடைக்கும் பாயிண்ட்டை ஓர் உருண்டைக்கு மட்டும் போட்டால் ஒரு ஸ்பெல்தான் கிடைக்கும். இரண்டுக்குப் போட்டால் நான்கு. மூன்றாவதையும் சேர்த்தால்தான் பத்து. ஆகவே முதல் கட்டத்தில் வெக்ஸைத் தொடாதீர்கள். குவாஸ், எக்ஸார்ட் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் கோல்டு ஸ்னாப் (க்யூ மூன்று), ஐஸ் வால் (க்யூ இரண்டு, ஈ ஒன்று), ஃபோர்ஜ் ஸ்பிரிட் (ஈ இரண்டு, க்யூ ஒன்று), சன் ஸ்ட்ரைக் (ஈ மூன்று) என்று நான்கே நான்கு. பத்தையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்பவர்கள் சண்டை வந்ததும் பத்தையும் மறந்துபோகிறார்கள்.

கீகளை மாற்ற வேண்டாம். பழைய முறையில் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு அது கையில் ஊறியது, புதியவர்களுக்கு அது பத்து கீ கூடுதல் சுமை. குயிக் காஸ்ட்டை (கீ அழுத்தியதுமே, தனி க்ளிக் இல்லாமல் ஸ்பெல் விழும் அமைப்பு) மட்டும் ஆன் செய்யுங்கள். அதன் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஸ்பெல் விழும். தூரத்துச் சண்டைக்கு சன் ஸ்ட்ரைக் போடும்போது கேமராவை அங்கே நகர்த்தி, கர்சரை நிறுத்தி, பிறகு அழுத்துங்கள். அவசரத்தில் அழுத்தினால் அது உங்கள் காலடியில் விழும்.

முதல் கட்டம்: நான்கு ஸ்பெல்

உருண்டைகள் ஸ்பெல்லுக்காக மட்டும் சுற்றுவதில்லை. சுற்றும் ஒவ்வொரு குவாஸும் உயிரை மெல்ல ஏற்றும், ஒவ்வொரு எக்ஸார்ட்டும் அடியைக் கூட்டும், வெக்ஸ் வேகம் தரும். லாஸ்ட் ஹிட் நேரத்தில் ஈ மூன்று, அடி வாங்கிப் பின்வாங்கும்போது க்யூ மூன்று. எந்த ஸ்பெல்லையும் விட இந்தப் பழக்கம்தான் லேனை ஜெயிக்க வைக்கும்.

கோல்டு ஸ்னாப் விழுந்த எதிரி அடிவாங்கும்போதெல்லாம் இடைவெளி விட்டு ஒரு நொடிப்பொழுது உறைவான். தனியாகப் போட்டால் பயன் குறைவு. ஃபோர்ஜ் ஸ்பிரிட்டை முதலில் அழைத்து (ஈ, ஈ, க்யூ, ஆர், டி), பிறகு க்யூ இரண்டு முறை மட்டும் அழுத்தி ஆர். மூன்று முறை தேவையில்லை, ஏற்கெனவே ஒரு குவாஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோல்டு ஸ்னாப்பைப் போட்டு, ஸ்பிரிட்டும் நீங்களும் சேர்ந்து அடியுங்கள். ஸ்பிரிட்டின் அடி எதிரியின் ஆர்மரையும் (அடியைத் தாங்கும் கவசம்) குறைக்கும். அவன் தன் டவரை (காவல் கோபுரம்) நோக்கித் திணறி நடக்கும்போது சன் ஸ்ட்ரைக். அது விழ 1.7 விநாடி ஆகும், விழப்போகும் இடம் எதிரிக்குத் தெரியாது. அவன் இப்போது நிற்கும் இடத்தில் போடாமல், அவன் போய்ச் சேரும் இடத்தில் போடுங்கள். இன்னொன்று: வட்டத்துக்குள் இருக்கும் எதிரிகளுக்குள் சன் ஸ்ட்ரைக்கின் சேதம் பிரிந்துவிடும். இருவர் ஒட்டி நின்றால் கொல்லும் என்று நம்பாதீர்கள்.

இரண்டாம் கட்டம்: யூல்ஸ் காம்போ

இங்கேதான் இன்வோக்கர் தன் விலைக்கு ஈடு தருகிறார், ஆகவே இதில் நேரம் செலவழியுங்கள். வெக்ஸுக்கு ஒரு பாயிண்ட் போட்டு, யூல்ஸ் செப்டர் என்ற பொருளை வாங்குங்கள். யூல்ஸ் எதிரியை 2.5 விநாடி காற்றில் தூக்கும். அந்த நேரத்தில் அவனுக்கு எந்தச் சேதமும் ஆகாது. எல்லாமும் அவன் கீழே இறங்கும் கணத்தில் விழ வேண்டும்.

கணக்கு எளிது. சன் ஸ்ட்ரைக்குக்கு 1.7 விநாடி தேவை, அதனால் தூக்கிய 0.8 விநாடி கழித்து அழுத்த வேண்டும். கேயாஸ் மீட்டியர் (ஈ இரண்டு, டபிள்யூ ஒன்று) விழ 1.3 விநாடி, அதனால் 1.2-இல் அழுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 0.4 விநாடிதான். அதனால் இரண்டும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்: ஈ மூன்று, ஆர், இன்வோக் கூல்டவுன் (மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) முடிந்ததும் டபிள்யூ ஒன்று, ஆர். இப்போது டி-யில் மீட்டியர், எஃப்-இல் சன் ஸ்ட்ரைக். சுற்றுவது ஈ, ஈ, டபிள்யூ. இதன் மேல் க்யூ ஒன்று அழுத்தினால் பழைய ஈ ஒன்று உதிர்ந்து மூன்றும் மூன்று விதமாகிவிடும். அதுதான் எதிரியைப் பின்னே தள்ளும் டெஃபனிங் பிளாஸ்ட். அதனால் முழு வரிசை: யூல்ஸ், எஃப், டி, க்யூ, ஆர், டி. பிளாஸ்ட்டின் அலை எதிரியைத் தொடக் கொஞ்ச நேரம் எடுக்கும். அவன் இறங்கிய பிறகே அது தொட வேண்டும், முன்னால் தொட்டால் வீண்.

மீட்டியர் நீங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து எதிரியின் பக்கமாக உருளும். பிளாஸ்ட்டும் அதே திசையில்தான் அவனைத் தள்ளும். நெருப்பின் பாதையிலேயே அவன் தள்ளப்படுவதால்தான் இந்தச் சேர்க்கை கொல்கிறது. பக்கவாட்டில் நகர்ந்து நின்று பிளாஸ்ட் போட்டால் நீங்களே அவனை நெருப்பிலிருந்து காப்பாற்றியதாகிவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. காம்போவைத் தயார் செய்த பிறகு ஒரு க்ரீப்பை அடிக்க ஈ மூன்று அழுத்திவிட்டால், அடுத்து வரும் க்யூ பிளாஸ்ட்டைத் தராது, ஃபோர்ஜ் ஸ்பிரிட்டைத்தான் தரும். சண்டை நெருங்கும்போது ஈ, ஈ, டபிள்யூ மீண்டும் சுற்றுகிறதா என்று தலைக்கு மேல் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். சன் ஸ்ட்ரைக் 0.1 விநாடி முந்தினால் எதிரி இன்னும் காற்றில் இருப்பான், முழுச் சேதமும் போச்சு. பிந்தினால் அவ்வளவு நஷ்டமில்லை: வட்டத்தின் ஆரம் 175 அலகு, 300 வேகத்தில் நடப்பவன் 0.3 விநாடியில் 90 அலகுதான் போவான், இன்னும் உள்ளேதான். சந்தேகம் வந்தால் தாமதத்தின் பக்கம் சாயுங்கள். பிங்கையும் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) சேர்த்துக் கணக்கிடுங்கள். 100 மில்லிவிநாடி என்றால், திரையில் அவன் எழும்புவதைப் பார்த்து 0.8-க்குப் பதில் 0.7-இல் அழுத்த வேண்டும். பிங் நிலையில்லாமல் ஏறி இறங்கும் நாளில் இந்த ஹீரோவை எடுக்கவே வேண்டாம்.

பயிற்சிக்கு டெமோ ஹீரோ மோடு. லெவலை ஏற்றி, யூல்ஸ் வாங்கி, ஓர் எதிரியை வரவழைத்து, தொடர்ந்து பத்து முறை மூன்றும் படும்வரை செய்யுங்கள். கூல்டவுனும் மேனாவும் இல்லாமல் ஸ்பெல் போடும் வசதி அங்கே உண்டு. விரலுக்கு வரிசை படியும்வரை அதை வைத்துக்கொண்டு பிறகு அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்வோக்குக்காகக் காத்திருக்கும் நேரம் பழகாது. அதன் பிறகு பாட்களோடு (கணினி ஆடும் ஹீரோக்கள்), பிறகு டர்போ, பிறகு ரேங்க் இல்லாத ஆட்டம். டர்போவில் பணமும் அனுபவமும் வேகமாக வருவதால் ஒரே ஆட்டத்தில் காம்போவை அதிக முறை போட முடியும். ரேங்க்டு கடைசியில்.

பேட்ச்சுக்குப் பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) எண்கள் மாறும். புதிய பேட்ச் வந்தால் ஸ்பெல்லின் மேல் கர்சரை வைத்துத் தாமத நேரங்களைச் சரிபார்த்து, கழித்தலை மறுபடி செய்யுங்கள்.

வெக்ஸ், பிறகு

மேலே சொன்னது கைவந்த பிறகு மிச்சமுள்ளவை கடினமாக இருக்காது. முக்கியமான ஜோடி, எதிரியின் மேனாவைக் காலி செய்யும் ஈஎம்பியும் எதிரியைக் காற்றில் தூக்கும் டொர்னாடோவும். ஈஎம்பி (டபிள்யூ மூன்று) வெடிக்க 2.9 விநாடி ஆகும். குவாஸ் குறைவாக இருக்கும்போது டொர்னாடோ அவ்வளவு நேரம் தூக்கி வைக்காது. ஆகவே ஈஎம்பியை முதலில் வைத்து, பிறகு டொர்னாடோவை விடுங்கள். ஈஎம்பியை வரவழைத்த பிறகு க்யூ ஒன்று, ஆர் என்றால் டொர்னாடோ வந்துவிடும். உங்களை மறைய வைக்கும் கோஸ்ட் வாக்கை (க்யூ இரண்டு, டபிள்யூ ஒன்று) தப்பிக்க மட்டும் வையுங்கள். துரத்தப்படும்போது கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்கு அந்த நான்கு கீயும் கையில் இருக்க வேண்டும்.

எதிரணியில் சைலன்சர் போன்ற வாயடைக்கும் (ஸ்பெல் போட விடாத) ஹீரோக்கள் இரண்டு பேர் இருந்தால் டிராகன் நைட்டுக்கே திரும்புங்கள். பேச முடியாத இன்வோக்கர் உயிர் குறைந்த ஒரு க்ரீப் மாதிரிதான். உங்கள் டீமில் முன்னால் நின்று அடிவாங்க யாருமில்லை என்றாலும் அப்படியே.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ரீப்ளேயை இறக்கி, உங்கள் சாவுகளை மட்டும் உங்கள் பார்வையில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கை அல்லது கண் என்று எழுதுங்கள். தவறான ஸ்பெல், தவறான நேரம் என்றால் கை. வருபவனை மினிமேப் காட்டியும் பார்க்கவில்லை என்றால் கண். கை அதிகமாக இருந்தால் டெமோவுக்குப் போங்கள். கண் அதிகமாக இருந்தால் டெமோ உதவாது. ஸ்பெல்களை மறுபடி நான்காகக் குறைத்துக்கொண்டு ஆடுங்கள். பட்டியலில் கண் குறையத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.