அவளா, அதுவா: செயற்கை மனிதர் நாவல்களைக் கூடி வாசிக்கும் முறை

பெருந்துறைப் பக்கம் அரசுப் பள்ளியில் 28 வருஷம் தமிழ் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி நாவல் வாசிக்கிறோம். இன்ஜினியரிங் படிக்கிற பையன், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அக்கா என்று கலந்த கூட்டம். இங்கிலீஷ் நாவலைத் தானாகப் படிக்கக்கூடியவர்கள் மூன்று பேர்தான். அவர்கள் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வார்கள். செயற்கை மனிதர் வருகிற கதைகளை வாசிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நீங்களும் செய்து பாருங்கள்.

முதல் புத்தகமாக கசுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் தி சன்' (2021) நாவலை எடுங்கள். கிளாரா வெயிலில் சக்தி எடுத்துக்கொள்கிற செயற்கைத் தோழி. கடை ஜன்னலில் விற்பனைக்கு நின்றவளை ஜோசி என்ற நோயாளிச் சிறுமிக்குத் துணையாக வாங்கிப் போகிறார்கள். கதை முழுக்கக் கிளாராவே 'நான், நான்' என்று சொல்கிறாள். தன்மைக்குத் திணை கிடையாது. நான் வந்தேன் என்று மனிதரும் சொல்லலாம், கதையில் மாடும் சொல்லலாம். ஆனால் அதையே நாம் திருப்பிச் சொல்லும்போது படர்க்கைக்கு வந்தாக வேண்டும். 'நின்றாள்' என்பதா, 'நின்றது' என்பதா? தமிழில் வினைமுற்று வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால்தான் மௌனமாக வாசிக்காமல் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

இரண்டாவது தேவை நன்னூல். அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், பெருந்துறைக்குப் பக்கம்தான். 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை, மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை' என்று அவர் பிரித்துவிட்டார். அந்தக் கணக்கில் கிளாரா அஃறிணை, பேச்சே இல்லை. ஆனால் அவரே இன்னொரு நூற்பாவில் வாசலைத் திறந்தும் வைக்கிறார்: 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.' மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு இந்த ஐந்தால் திணை மாறினால் குற்றமில்லை. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது இதற்கு வழக்கமான உதாரணம். எங்கள் பால்கார அக்காவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் அவர் மாட்டை அவிழ்க்கும்போதே 'வாடி என் ராசாத்தி'தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் இந்த ஐந்தையும் ஐந்து கட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கதை சொல்ல, இன்னொருவர் குறிக்கட்டும். 'அது' என்று சொல்லிவந்தவர் எந்த இடத்தில் 'அவள்' என்றார், 'அவள்' எங்கே 'அது' ஆனது, ஏன். சொல்லிக்கொண்டிருக்கும்போது திருத்தக் கூடாது. திருத்தினால் உஷாராகிவிடுவார்கள், அப்புறம் ஒன்றும் கிடைக்காது.

எங்கள் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். ஜோசி வீட்டுக்குப் பிள்ளைகள் கூடுகிற இடத்தை இன்ஜினியரிங் பையன் சொன்னான். 'கிளாரா நின்னுச்சு, பார்த்துச்சு' என்றே போய்க்கொண்டிருந்தது. வந்த பையன்களுக்குக் கிளாராவைத் தூக்கி எறிந்து பார்க்க வேண்டும், காலூன்றி விழுகிறாளா என்று. அந்த இடத்தில் இவன், 'அவ ஒண்ணுமே சொல்லலீங்க' என்றான். முடித்ததும் ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். 'எறியறதுன்னு வந்துருச்சுங்களே' என்றான். எந்தக் கட்டத்தில் எழுதுவது? மகிழ்ச்சி இல்லை, சிறப்பு இல்லை. அரைமணி நேரம் பேசி, 'இரக்கம்' என்று ஆறாவது கட்டம் போட்டோம். பவணந்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு இடத்தையும் தவற விடாதீர்கள். பக்கத்து வீட்டு ஹெலன் அம்மாள் முதன்முதலாகக் கிளாராவைப் பார்க்கும்போது திணறுகிறார்: உன்னை விருந்தாளியாக நடத்துவதா, வேக்குவம் கிளீனராக நடத்துவதா? அங்கே கதையை நிறுத்தி, உங்கள் வீட்டு வாசலில் கிளாரா நின்றால் 'வாங்க' என்பீர்களா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அக்கா சொன்னது: 'தண்ணி குடிக்காதுங்க, சரி. அதுக்காக வாங்கன்னு கூப்பிடாம எப்படி உள்ளே உடறது?' ஒரே மூச்சில் 'குடிக்காது'ம் 'வாங்க'வும் வந்ததைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'அது' என்றாலே இழிப்பு என்று குறித்துவிடாதீர்கள். 'பாப்பா எங்கே?' 'அது அப்பவே தூங்கிருச்சு.' இது பாசம். குரலைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை நாவலுக்கு வெளியே கேட்டவற்றுக்கு ஒதுக்குங்கள். நான் இதைத் திட்டமிடவில்லை. செக்கிங் பார்க்கிற பெண் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களை அவள் கம்பெனியில் 'இன்னிக்கு எத்தனை உருப்படி வந்திருக்கு?' என்றுதான் கேட்பார்களாம். இரண்டு வருஷமாகக் காதில் விழுந்த சொல், கிளாராவுக்கு அப்புறம்தான் உறுத்தியதாம். 'ரோபோ' என்ற பெயரே அப்படி வந்ததுதான். செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்துக்காக அவர் அண்ணன் யோசெப் எடுத்துக்கொடுத்தது. 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. இயந்திரத்துக்கு மனிதத் தன்மை உண்டா என்று கேட்கிற கதைகள், மனிதரை உருப்படியாக எண்ணுகிறவர்களைப் பற்றியவையும்தான். என் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஓய்வு பெற்றதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்த புத்தகமாக இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005) போகலாம். உடல் உறுப்புக்காக வளர்க்கப்படும் நகல் பிள்ளைகள். அவர்களைப் பார்க்க வருகிற சீமாட்டி சிலந்தியைக் கண்டதுபோல ஒடுங்குகிறார். அதற்காக 'அச்சம்' என்று ஏழாவது கட்டம் வந்தது.

மூன்றாவதாக இயன் மெக்யூவனின் 'மெஷின்ஸ் லைக் மீ' (2019). சார்லி தனக்கு வந்த சொத்துப் பணத்தில் ஆடம் என்ற இயந்திர மனிதனை வாங்குகிறான். ஆடம் கவிதை எழுதுகிறான், காதலிக்கிறான், பொய்யை மட்டும் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். சம்பாதித்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு, சார்லியின் காதலி மிராண்டா செய்த குற்றத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறான். சார்லி சுத்தியலால் அவன் தலையில் அடிக்கிறான். இந்த அத்தியாயத்தை இருவர் தனித்தனியாகச் சொல்லட்டும். எங்களில் ஒருவர் 'அவனை அடிச்சான்' என்றார், இன்னொருவர் 'அதை உடைச்சான்' என்றார். சார்லியின் கையில் சுத்தியல் இருந்தபோது எதிரே இருந்தது யார் என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. செறலா, அச்சமா என்ற கட்டமும் காலியாகவே இருக்கிறது.