வடிகட்டியிலிருந்து நான் வெளியே எடுத்த பொருள்

செடிகள் வளர்க்கும் என் நன்னீர் மீன்தொட்டியில், பாசியைத் தடுக்கும் என்று நம்பி, பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள்களை வடிகட்டியில் நிரப்பியிருந்தேன். சில வாரங்களில் அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலைகளில், நகத்தால் சுரண்டினாலும் எளிதில் போகாத பச்சைப் புள்ளிகள் படிந்தன. புதிய இலைகளும் சிறுத்தே வந்தன. உரமாக நான் ஊற்றிய பாஸ்பேட்டையே வடிகட்டி விழுங்கிக்கொண்டிருந்தது, அந்தக் குறைவால்தான் இந்தப் பாசிப் புள்ளிகள் வந்தன என்பது, வெட்கத்துடன் சொல்கிறேன், வெகு தாமதமாகவே புரிந்தது. அத்துகள்களை அகற்றிவிட்டு, நீர் முதலில் கரடான ஸ்பாஞ்சையும், அடுத்து மென்மையான ஸ்பாஞ்சையும், இறுதியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியிருக்கும் பீங்கான் வளையங்களையும் கடக்குமாறு அடுக்கினேன். குளோரின் கலந்த குழாய்நீர் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால், வளையங்களைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறேன். புள்ளி விழுந்த பழைய இலைகளை வெட்டிவிட்டேன். புதியவை சுத்தமாக விரிகின்றன.