கானலெத்தோ பாணியில் வெனிஸ்: உள்ளதை வரைவதும் இல்லாததைக் கட்டுவதும்

நகரக் காட்சியை உள்ளபடி வரைந்தால் அது வெடூட்டா. நிஜக் கட்டடங்களை இடம் மாற்றி, எங்குமே இல்லாத ஒரு நகரை உண்டாக்கினால் அது கப்ரிச்சோ. இரண்டிலும் கைதேர்ந்தவர் வெனிஸ் ஓவியர் கானலெத்தோ (1697–1768). அவருடைய வெடூட்டாக்கள்கூட முழு நிஜமல்ல. ஓரிடத்தில் நின்றால் பார்வைக்குள் அடங்காத கட்டடங்களை, இரண்டு மூன்று இடங்களிலிருந்து பார்த்து ஒரே படத்தில் சேர்த்திருக்கிறார். ஒட்டுப்போட்டது தெரியாமல் போக, அடிவானக் கோடு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

60 x 40 செ.மீ. கான்வாஸ் என்றால், கீழ்விளிம்பிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் அந்தக் கோட்டைப் போடுங்கள். மேலே வானத்துக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். தூரத்துக்கு ஓடும் கோடுகள் அடிவானக் கோட்டில் ஒன்றுசேரும் மறைபுள்ளியை நட்டநடுவில் வைத்தால் படம் சுரங்கப்பாதை போலாகிவிடும். ஒரு பக்கம் தள்ளுங்கள். அது கான்வாஸுக்கு வெளியே விழுந்தால், கான்வாஸைப் பெரிய பலகையில் பொருத்தி, அந்த இடத்தில் ஆணியடித்து நூல் கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியை நோக்கி ஓடும் எந்தக் கோட்டையும் நூலை இழுத்துச் சரிபார்க்கலாம்.

தூண்வரிசையில்தான் பலரும் தடுக்கி விழுவது. இடைவெளியைக் கண்ணளவில் குறைத்துக்கொண்டே போனால் நாலாவது தூணிலேயே பிசகும். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் சரிபாதி வழியாக ஒரு கோடு இழுங்கள். தூண்களின் அடிகள் வரிசையாக நிற்கும் தரைக்கோட்டை அது தொடும் இடமே மூன்றாம் தூணின் அடி. அடுத்தடுத்த தூண்களுக்கும் இதே கணக்கு. வளைவுகளுக்குக் காம்பஸ் எடுப்பது நேர்முகமாக நிற்கும் சுவருக்கு மட்டும். சாய்ந்து ஓடும் சுவரில் வட்டம் நீள்வட்டமாகிவிடும்.

அடிப்பூச்சு வெளிர் சாம்பலாக இருக்கட்டும். கானலெத்தோ ஆரம்பத்தில் செம்பழுப்பு அடிப்பூச்சில் வரைந்தார், பிறகு வெளிர் நிறத்துக்கு மாறினார். எண்ணெய் வண்ணம் நாளாக நாளாகக் கண்ணாடித்தன்மை பெறும். அடியில் கருமை இருந்தால் வானம் மெல்ல மங்கும்.

முதலில் வானம். பிரஷ்யன் நீலம் வெள்ளையை விழுங்கிவிடும். நெல்லிக்காயளவு வெள்ளைக்குக் கடுகளவு நீலத்தில் ஆரம்பியுங்கள். அடிவானத்தை நெருங்கும்போது நீலத்தைக் குறைத்து, துளி மஞ்சள் ஓக்கர் சேருங்கள். அடுத்து கட்டடங்களின் ஒளிப்பக்கம், நிழல்பக்கம் இரண்டையும் டர்பன்டைனில் இளக்கிய வண்ணத்தில் தட்டையாக நிரப்புங்கள். எண்ணெய் மிகுந்த பூச்சு மேலேதான் வர வேண்டும்; தலைகீழானால் வெடிக்கும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஸ்கேல் வைத்து மழுங்கிய ஊசியால் கீறினால் விளிம்புகள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். கானலெத்தோவின் கான்வாஸ்களில் இந்தக் கீறல்கள் இன்றும் தெரிகின்றன.

தண்ணீரின் அடிநிறம் நன்றாகக் காயட்டும். பிறகு வெளிர் நிறத்தில் சிறுசிறு வளைகோடுகளாக அலை போடுங்கள். காயாமல் போட்டால் சேறு. தூரம் போகப் போக அலை சிறுத்து நெருங்காவிட்டால், கால்வாய் சுவர்போல் எழுந்து நிற்கும்.

ஆட்களுக்கும் கணக்கு உண்டு. அடிவானக் கோடுதான் பார்ப்பவரின் கண்மட்டம்; அது தரையிலிருந்து 6.4 மீட்டர், அதாவது மாடி ஜன்னல் உயரம் என்று வையுங்கள். 1.6 மீட்டர் ஆள் அதில் கால்பங்கு. பாதம் அடிவானத்துக்கு 12 செ.மீ. கீழே இருந்தால் உருவம் 3 செ.மீ.; 4 செ.மீ. கீழே என்றால் 1 செ.மீ. முகமெல்லாம் வேண்டாம். ஒரு கரும்புள்ளி, தோளில் ஒரு வெள்ளைத் தீற்றல் போதும்.

கப்ரிச்சோவுக்கு இரண்டு மூன்று கட்டடங்களுக்கு மேல் இழுக்காதீர்கள். வெனிஸின் ரியால்டோவில் கட்டப்படாமலே போன, கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாலத்தை கானலெத்தோ கால்வாயின் மேல் நிறுத்தி, இருபுறமும் விசென்சா நகரத்துப் பல்லாடியோ கட்டடங்கள் இரண்டை வைத்தார். அவ்வளவுதான், ஆனால் பார்ப்பவர் அப்படியோர் இடம் இருப்பதாகவே நம்பிவிடுவார். நீங்கள் எடுக்கும் மாதிரிப் படங்களில் ஒன்றில் வெயில் இடமிருந்தும் மற்றதில் வலமிருந்தும் அடித்தால், ஒன்றின் நிழலை முழுக்க மாற்றி வரையத்தான் வேண்டும். அளவு பொருந்துகிறதா என்று பார்க்க, மேலே சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆளைப் பென்சிலில் நிறுத்துங்கள். எந்த வாசலில் தலை இடிக்கிறதோ, அந்தக் கட்டடத்தைப் பெரிதாக்குங்கள்.